பணிமனையின் காது

(சென்னையில் ரயில் ஆர்வலர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பாட்டி ராயபுரத்தில் பிறந்தவர். அறுபத்துமூவர் திருவிழா பார்க்க ராயபுரத்திலிருந்து மயிலாப்பூருக்கு டிராமில் போன கதையை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். மரப் பெஞ்சு எப்படி இருந்தது, நடத்துநர் டிக்கெட்டை எப்படிக் கிழித்தார், மணி எப்படி அடித்தது என்றெல்லாம் சொல்லி, அந்த மணியை வாயாலேயே அடித்தும் காட்டுவார். அந்தக் கதை கேட்டுத்தான் எனக்கு ரயில் பைத்தியம் பிடித்தது. ஆனால் அந்த டிராம் இரவில் எங்கே போய் நின்றது, மறுநாள் காலையில் அதை யார் ஓடத் தயார் செய்தார் என்று நானும் கேட்டதில்லை, பாட்டியும் சொன்னதில்லை. பயணிக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. வண்டி வந்தது, ஏறினோம், போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான்.

இன்று நான் பேச வந்திருப்பது அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றித்தான். கொல்கத்தாவில் ஒரு டிராம் பணிமனையில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். அங்கே பார்த்ததை உங்களிடம் அப்படியே ஒப்படைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடியது நம் சென்னையில், 1895ஆம் ஆண்டு மே மாதம். அப்போது கொல்கத்தாவில் டிராமைக் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே முதல் குதிரை டிராம் 1873 பிப்ரவரி 24ஆம் தேதி சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை ஓடியது. சுமார் நான்கு கிலோமீட்டர் தூரம். அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நின்றும்போனது. 1880இல் லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி மீட்டர் கேஜ் பாதை போட்டு மீண்டும் குதிரைகளைப் பூட்டியது. நீராவி எஞ்சினையும் முயன்று பார்த்தார்கள். 1902 மார்ச் 27ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டது. மின்மயமாக்கும்போதே பாதையை 1435 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாற்றிப் போட்டார்கள். அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நம் சென்னை மெட்ரோ ஓடுவதும் அதே 1435 மில்லிமீட்டர் பாதையில்தான்.

இன்னும் ஒரே ஒரு ஆண்டைச் சொல்லிவிட்டுப் பணிமனைக்குள் போகிறேன். 1953. அந்த ஏப்ரலில் சென்னையின் டிராம் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 58 ஆண்டு ஓடிய வண்டிகள் ஓய்ந்தன. அதே ஆண்டு ஜூலையில் கொல்கத்தாவில் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியது. ஊரே தெருவில் இறங்கியது. மறியல், தடியடி, கைது என்று வங்காளம் கொதித்து, கடைசியில் அந்த உயர்வு கைவிடப்பட்டது. ஒரு நகரம் டிராமை இழந்த ஆண்டில், இன்னொரு நகரம் டிராம் தன்னுடையது என்று ஒரு பைசாவுக்காக எழுந்து நின்றது. பிறகு டெல்லியில் நின்றது, 1964இல் பம்பாயிலும் நின்றது. கொல்கத்தா ஒன்றுதான் மிஞ்சியது.

நான் போனது 2023 பிப்ரவரியில். 150ஆம் ஆண்டு விழா நடந்து முடிந்திருந்த நேரம். மெல்பர்ன் நகரத்து டிராம்காரர்களும் கொல்கத்தா டிராம்காரர்களும் 1996 முதல் 'டிராம்ஜாத்ரா' என்ற பெயரில் கொண்டாடிவரும் விழாவும் அதோடு சேர்ந்திருந்தது. அலங்காரத் துணிகளும் வண்ணக் காகிதங்களும் இன்னும் கழற்றப்படவில்லை. முறைப்படி எழுதி அனுமதி வாங்கி, காலை ஆறு மணிக்கு முன்பே கரியாஹாட் பணிமனை வாசலில் நின்றேன்.

வாசலில் முதலில் கண்ணில் படுவது வண்டி அல்ல, தண்டவாளம். தெருவிலிருந்து ஒரே பாதையாக உள்ளே நுழைவது இரண்டாகி, நான்காகி, மடித்த விசிறியைத் திறந்தாற்போல் விரிந்துகொண்டே போய்க் கொட்டகைக்குள் மறைகிறது. தெருவில் ஓடும் டிராமுக்கான தண்டவாளம் நாம் ரயில் நிலையத்தில் பார்ப்பது போன்றது அல்ல. தலைப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், சக்கரத்தின் விளிம்பு அதற்குள் ஓடும். பேருந்தும் ரிக்‌ஷாவும் மேலே ஏறிப் போகலாம், தடுக்காது. ஆனால் அந்தப் பள்ளத்தில் மண் அடையும், இலை அடையும், கடைக்காரர் பெருக்கித் தள்ளும் குப்பையும் அடையும். அதைச் சுரண்டி எடுக்கவென்றே ஆள் வேண்டும். இரும்புக் கம்பியோடு ஒருவர் அந்த வேலையில்தான் இருந்தார். பாதை பிரியும் இடத்தில் நடத்துநர் இறங்கி ஒரு கடப்பாரையால் நாக்குத் தண்டவாளத்தை நெம்பித் தள்ளுவதை அப்போது கொல்கத்தாவில் பார்க்க முடிந்தது. பள்ளத்தில் ஒரு ஜல்லி கிடந்தால் அந்த நாக்கு நகராது. நாக்கு நகராவிட்டால் வண்டி வேறு தெருவுக்குப் போய்விடும்.

கொட்டகைக்குள் இரட்டைப் பெட்டி வண்டிகள் வரிசையாக நின்றன. வயதான ஃபிட்டர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். அங்கே எல்லோரும் அவரை மிஸ்திரி என்று கூப்பிட்டார்கள். நான் 'தாதா' என்றேன், அவரும் என்னைத் 'தாதா' என்றார். வங்காளத்தில் அண்ணன் என்ற சொல்லுக்கு வயதுக் கணக்கு கிடையாது, மரியாதைக் கணக்குத்தான். என் இந்தியும் அவருடைய இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

நான் கேமராவை எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தாதா, கண்ணால பார்க்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல காதைக் கொடுங்க."

சொல்லிவிட்டு வண்டியின் முன்மேடையில் ஏறினார். மேலே, மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் சட்டம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியில் ஓடுவது 550 வோல்ட் நேர்மின்சாரம். பழைய நாளில் இதற்கு நீண்ட கழி ஒன்று இருந்தது. அதன் நுனி கம்பியோடு ஓடும், கம்பியை விட்டு நழுவினால் நடத்துநர் பின்னால் போய்க் கயிற்றை இழுத்து மறுபடி ஏற்றுவார். சத்யஜித் ராயின் 'மகாநகர்' படம் தொடங்குவதே அந்தக் கழி கம்பியில் உரசிப் பொறி பறக்கும் காட்சியோடுதான். இப்போது கழி போய்ப் பான்டோகிராஃப் வந்துவிட்டது. ஆனால் ஓட்டுநரின் முன்னால் நிற்கும் கன்ட்ரோலர் மாறவில்லை. இடுப்புயர இரும்புப் பெட்டி, மேலே ஒரு பித்தளைக் கைப்பிடி. பல பேர் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து அந்தப் பித்தளை பொன்போல் மின்னியது.

மிஸ்திரி கைப்பிடியை ஒரு நாட்ச், அதாவது ஒரு படி, நகர்த்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு சாண் நகர்ந்தது. உடனே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்குக் கூட்டிப் போய் அதையே செய்தார். அங்கேயும் 'டக்' என்றது, ஆனால் கூடவே எண்ணெயில் கடுகு வெடிப்பது போல மெல்லிய ஒரு பொரிச்சல். அப்போதுதான் எனக்குக் காது திறந்தது.

பான்டோகிராஃபை இறக்கி, அது இறங்கியதை அண்ணாந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டாவது வண்டியின் கன்ட்ரோலர் மூடியைக் கழற்றினார். உள்ளே நடுவில் ஓர் உருளை. அதில் பதித்த செப்புத் தகடுகளை விரல்கள் போன்ற செம்புத் துண்டுகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றை அவர்கள் விரல் என்றே சொல்கிறார்கள். கைப்பிடியைத் திருப்பினால் உருளை திரும்பும், எந்த விரல் எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அதற்கேற்ப மின்சாரம் வழி மாறும். முதல் நாட்ச்சில் மின்சாரம் பெரிய மின்தடைகள் வழியாகப் போகிறது, மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன, வண்டி மெதுவாக அசைகிறது. அடுத்தடுத்த நாட்ச்சில் மின்தடைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறுகின்றன, ஒவ்வொன்றுக்கும் முழு வோல்ட்டும் கிடைக்கிறது, வண்டி வேகம் பிடிக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக இதே ஏற்பாடு. கணினி கிடையாது, சில்லு கிடையாது. ஓட்டுநரின் மணிக்கட்டுதான் எல்லாம்.

வரிசையில் மூன்றாவது விரல் நுனியில் கருத்துப் போயிருந்தது. தகட்டைச் சரியாக அழுத்தவில்லை, நடுவே மயிரிழை இடைவெளி, அதில் மின்சாரம் தாவித் தாவிக் கரித்திருக்கிறது. அந்தப் பொரிச்சல் சத்தம் அதுதான். சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக் கரியைத் தேய்த்தார். வில்லின் திருகை அரைச்சுற்று இறுக்கினார். சின்னக் காகிதத் துண்டை விரலுக்கும் தகட்டுக்கும் இடையே செருகி இழுத்துப் பார்த்தார். காகிதம் கிழிந்தது. அவர் முகம் தெளிந்தது. அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல அந்தக் காகிதக் கிழிசல் போதுமாக இருந்தது. இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இன்றைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் பார்க் சர்க்கஸ் சந்திப்பில் நடுத்தெருவில் வண்டி நிற்கும், பின்னால் நூறு பேருந்து நின்று டிராமைத் திட்டும் என்றார்.

நண்பர்களே, இந்த ஒரு பதிலுக்காகவே நான் அவ்வளவு தூரம் போனேன் என்று சொல்வேன். தெருவில் வண்டி நிற்கும்போது நாம் 'பழைய வண்டி, அதான் நிற்கிறது' என்கிறோம். வயதானதால் வண்டி நிற்பதில்லை. பார்க்க ஆள் இல்லாததால் நிற்கிறது.

பிறகு குழிக்குள் இறங்கினோம். வண்டிக்கு அடியில் ஆள் நின்று வேலை பார்க்கும் பள்ளம் அது. தலைக்கு மேலே மோட்டார் தொங்குகிறது. அதன் ஒரு பக்கம் அச்சின் மேல் சாய்ந்திருக்கிறது, மறுபக்கத்தைச் சட்டம் தாங்குகிறது, நடுவில் பல்சக்கரம். மோட்டாரின் சிறு மூடியைத் திறந்து கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுத்தார். கரித்துண்டு போல ஒன்று, கட்டைவிரல் பருமன். அதன் நீளத்தை அளக்க அவர் அளவுகோல் எடுக்கவில்லை. தன் சுண்டுவிரலின் முதல் கணுவோடு வைத்துப் பார்த்தார். "இன்னும் பத்து நாள் வரும்" என்றார். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணிபோல் கார்வையோடு நீண்டது சத்தம். பொத்தென்று விழுந்தால் எங்கோ விரிசல் என்று பொருள்.

மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகையின் ஓரத்தில் ஒருவர் மணல் சலித்துக்கொண்டிருந்தார். இரும்பின் மேல் இரும்பு உருள்வதால்தான் டிராம் கொஞ்ச மின்சாரத்தில் நிறைய பேரைச் சுமக்கிறது. ரப்பர் டயரின் உருள் தடையோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு. ஆனால் அதே வழுவழுப்பு முதல் மழையில் எதிரியாகிவிடும். தூசியும் எண்ணெயும் நனைந்து தண்டவாளத்தில் பசைபோல் படியும், பிரேக் பிடித்தாலும் சக்கரம் சறுக்கும். அந்த நொடியில் ஓட்டுநர் காலால் மிதிக்க, சக்கரத்துக்கு முன்னே மணல் விழ வேண்டும். ஈர மணல் குழாயில் கட்டிக்கொள்ளும், விழாது. அதனால் சலித்து, உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துப் பெட்டியை நிரப்புகிறார்கள். அந்த மனிதர் என் கையிலும் கொஞ்சம் கொட்டினார். விரலிடுக்கில் நீர்போல் வழிந்து ஓடியது. ஒரு பிள்ளை டிராமுக்குக் குறுக்கே ஓடும்போது அவன் உயிரைக் காப்பது இந்தப் பிடி மணல்தான். 1954 அக்டோபரில் ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி, எட்டு நாள் கழித்து இறந்துபோனார் வங்கக் கவி ஜீவனானந்த தாஸ். கொல்கத்தாவில் யாரும் அதை மறக்கவில்லை. பணிமனையில் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது குரல்கள் தணிந்துவிடுகின்றன.

ஏழு மணி ஆகும் நேரத்தில் முதல் வண்டி புறப்பட்டது. ஓட்டுநர் காலால் மணியை மிதித்தார். என் பாட்டி வாயால் அடித்துக் காட்டிய அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியை அல்ல, மிஸ்திரியை. கையைத் துணியில் துடைத்தபடி தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். வண்டி விசிறிப் பாதையில் நெளிந்து, வாசலைக் கடந்து, தெருவில் திரும்பி மறைந்தது. அதன் பிறகும் அவர் அசையவில்லை. நாட்ச் ஒவ்வொன்றாக ஏறுவது தூரத்தில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, பொரிச்சல் இல்லை. சத்தம் முழுதும் அடங்கிய பிறகுதான் "சா குடிக்கலாம், வாங்க" என்றார்.

அன்று பிற்பகல் நோனாபுக்கூர் பட்டறையை வெளியிலிருந்து பார்த்தேன். உப்புக் குளம் என்று பொருள்படும் அந்த இடத்தில்தான் கொல்கத்தா டிராமின் பெரும் பழுதுகளைப் பார்க்கிறார்கள், பெட்டிகளையும் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கன்ட்ரோலர்களைச் செய்த பிரிட்டன் நாட்டுத் தொழிற்சாலைகள் இன்று அந்த வேலையில் இல்லை. விரல் தேய்ந்தால் கடையில் வாங்க முடியாது, தானே வார்த்து, தானே அராவித்தான் தீர வேண்டும். அதற்கான வரைபடம் கொஞ்சம் காகிதத்தில் இருக்கிறது, மீதி கையில்தான் இருக்கிறது.

இப்போது என் மனத்தில் உள்ள ஒரே கருத்துக்கு வருகிறேன். ஒரு நகரத்தின் டிராம் உயிரோடு இருப்பது தெருவில் அல்ல, பணிமனையில். தண்டவாளத்தைத் தார் போட்டு மூடினாலும் தோண்டி எடுத்துவிடலாம். கம்பியை அறுத்தாலும் மறுபடி கட்டலாம். ஆனால் பணிமனை போய்விட்டால், அந்தக் காகிதக் கிழிசலில் அழுத்தம் அறிகிற கை, அந்தப் பொரிச்சலைக் கேட்கிற காது எல்லாம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அதன் பிறகு நாம் வைத்திருப்பது இரும்பு மட்டும்தான்.

நான் போய்வந்த அடுத்த ஆண்டு, 2024 செப்டம்பரில், மைதானம் – எஸ்பிளனேடு பாரம்பரியத் தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. நகரப் பரப்பில் சாலை சுமார் 6 விழுக்காடுதான், நெரிசல் தாங்கவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த நெரிசல் உண்மை. கொல்கத்தாவில் ஒரு மாலை நடந்து பார்த்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் குறைவான சாலையில் நிறைய பேரை ஏற்றிச் செல்லும் வண்டி எது என்ற கேள்வியும் அதே அளவு உண்மை. கொல்கத்தா டிராம் பயணிகள் தம் டிராமுக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சில பணிமனைகளின் நிலமும் ஏற்கெனவே கட்டுமானத்துக்குக் கைமாறியிருக்கிறது. எனக்கு அதிகமாக வலித்தது இதுதான். தடம் நிற்பது ஒரு கையெழுத்து, அதை இன்னொரு கையெழுத்தால் மாற்றலாம். பணிமனை நிலத்தில் எழும் மாடிக் கட்டடத்தைக் கையெழுத்தால் மாற்ற முடியாது.

டிராமை விட்டுவிட்டுத் திரும்ப அழைத்த ஊர்களும் உண்டு. பிரான்சில் நான்ட் நகரம் 1958இல் டிராமை நிறுத்தியது, 1985இல் லைட் ரயிலாக மறுபடி கொண்டுவந்தது. ஸ்ட்ராஸ்பூர் 1960இல் மூடி 1994இல் திறந்தது. இன்று அவை எல்லோரும் போய்ப் பார்க்கும் எடுத்துக்காட்டுகள். ஆனால் அவர்கள் பழைய டிராமைத் தொடரவில்லை. பாதை, வண்டி, பணிமனை, ஆள் பயிற்சி என்று எல்லாவற்றையும் முதல் எழுத்திலிருந்து எழுதினார்கள். கால் நூற்றாண்டுக்கும் முன்னால் தங்களிடமே இருந்ததை அவர்கள் மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தொடர்ந்து வைத்திருந்த மெல்பர்ன் இன்று சுமார் 250 கிலோமீட்டர் இரட்டைப் பாதையோடு உலகின் மிகப் பெரிய டிராம் வலைப்பின்னலாக நிற்கிறது. அங்கே பழைய வண்டி தெரிந்தவர்களும் புதிய வண்டி தெரிந்தவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கொல்கத்தாவுக்கும் அது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது, இன்றும்.

நம் ஊருக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாம் 58 ஆண்டு மின்சார டிராம் ஓட்டியவர்கள். இன்று கோயம்பேட்டில் மெட்ரோ பணிமனை இருக்கிறது, இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலும் பூந்தமல்லியிலும் பணிமனைகள் இடம்பெற்றிருக்கின்றன. நம்மைப் போன்ற ஆர்வலர்கள் வண்டி எண்ணைக் குறிக்கிறோம், எஞ்சினைப் படம் எடுக்கிறோம், கால அட்டவணையைச் சேர்க்கிறோம். நல்லதுதான், நானும் நாற்பது ஆண்டாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் முன்வரிசை இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் ரயில் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். எந்தச் சத்தம் கேட்டால் எதைத் திறந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். எதை எதனால் அளப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

என் பாட்டி ஏறிய டிராமை அன்று காலை ஒருவர் தலை சாய்த்துக் கேட்டு அனுப்பியிருப்பார். அவர் சரியாகக் கேட்டதால்தான் என் பாட்டி அறுபத்துமூவரைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினார். அவர் பெயர் என்ன என்று நான் பாட்டியிடம் கேட்கவில்லை. கரியாஹாட்டில் மிஸ்திரியிடம் கேட்டேன். சொன்னார். என் குறிப்பேட்டில் வண்டி எண்களுக்கு மேலே, முதல் வரியாக, அதை எழுதி வைத்திருக்கிறேன்.